குளிர்நிலையில் உலோகம் பிதுக்குதல்: வேண்டிய அமுக்கத்தை முன்கூட்டிக் கணித்தல்

களிம்பு மருந்தும் ஒட்டுப்பசையும் அடைத்து வரும் அலுமினியக் குழாயைப் பலரும் கண்டிருப்பர். அதனை அழுத்தினால் உள்ளிருக்கும் பசை வாய்வழியே பிதுங்கி வெளிவருகின்றது. ஆனால், அந்தக் குழாயே பிதுக்கப்பட்டு உருவானது என்பதைச் சிலரே அறிவர். வில்லை வடிவான சிறிய அலுமினியத் துண்டு ஒன்றை அச்சில் வைத்து, மேலிருந்து ஒரு தண்டினால் ஓங்கி அழுத்தினால், உலோகம் தண்டுக்கும் அச்சுச் சுவருக்கும் இடையேயுள்ள இடுக்கின் வழியே மேலேறி மெல்லிய குழாயாகிவிடுகின்றது. உலோகம் உருக்கப்படுவதில்லை, முன்கூட்டிக் காய்ச்சப்படுவதும் இல்லை. இதற்குக் குளிர்நிலைப் பிதுக்கல் என்று பெயர்.

போல்ட்டுகள், தீப்பொறிப் பிளக்கின் உடற்பகுதி, பிஸ்டன் ஊசிகள், தோட்டாக் கூடுகள் முதலியனவும் இம்முறையால் செய்யப்படுகின்றன. கடைசலில் போல உலோகம் சீவலாகக் கழிந்து வீணாவதில்லை. செய்பொருளின் மேற்பரப்பு வழவழப்பாகவும் அளவு திட்டமாகவும் அமைகின்றன. உலோகத்தின் வலிமையும் கூடுகின்றது. இத்துணை நன்மைகளுக்கும் கொடுக்கவேண்டிய விலை மிகுந்த அமுக்கமாகும். அதனை முன்னதாகக் கணியாமல் வேலையைத் தொடங்கினால், தண்டு முறியலாம், அச்சு பிளக்கலாம், அழுத்துபொறி அதாவது பிரஸ் இடையிலேயே நின்றுவிடலாம். முறிந்த கடின எஃகின் சில்லுகள் துப்பாக்கிக் குண்டைப் போலப் பாய்ந்து தொழிலாளருக்கு ஊறு செய்யவும் கூடும். ஆகவே, ‘எவ்வளவு அமுக்கம் வேண்டும்?’ என்னும் வினா பொருட்செலவை மட்டுமன்றி உயிர்க்காப்பையும் பற்றியது. அவ்வினாவுக்கு விடை காணும் வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுக் குறிப்பு

பிதுக்கலின் தொடக்கம் ஈயக் குழாய்த் தொழிலில் உள்ளது. இங்கிலாந்தில் ஜோசப் பிராமா என்பார் 1797-ஆம் ஆண்டில் இதற்கு உரிமம் பெற்றார். 1820-இல் தாமஸ் பர் என்பார் நீரழுத்தப் பொறியைக் கொண்டு ஈயக் குழாய்களைப் பிதுக்கினார். 1864-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி டிரெஸ்கா, பேரமுக்கத்துக்கு உட்பட்ட திண்பொருள்கள் பாய்பொருள்போல் ஒழுகுவதைப் பற்றிய தம் ஆய்வுகளைப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். சறுக்குத் தகைவு ஒரு குறிப்பிட்ட எல்லையை எட்டும்போதே உலோகம் நிலையாக உருமாறத் தொடங்குகின்றது என்பது அவர் கண்ட விதியாகும்.

எஃகைக் குளிர்நிலையில் பிதுக்குவது நெடுங்காலம் இயலாதிருந்தது. பேரமுக்கத்தில் மசகு எண்ணெய் பிதுங்கி வெளியேறிவிட, எஃகும் எஃகும் ஒட்டிப் பற்றிக்கொண்டன. 1930-களில் ஜெர்மனியில், எஃகின் மேற்பரப்பில் துத்தநாகப் பாஸ்பேட்டுப் படலத்தை ஏற்றி, அதன்மேல் சோப்புக் கரைசலைப் பூசும் முறை கையாளப்பட்ட பின்னரே இத்தடை நீங்கியது. பாஸ்பேட்டுப் படலம் எஃகோடு இறுகப் பற்றிக்கொள்கின்றது. சோப்பு அப்படலத்தோடு வினைபுரிந்து, எளிதில் வழுக்கும் உறையாகின்றது.

சில அடிப்படைச் சொற்கள்

உலோகத் துண்டு எந்தத் திசையில் தள்ளப்படுகின்றதோ அதே திசையில் வெளிவந்தால் அது முன்பிதுக்கல். தண்டு செல்லும் திசைக்கு எதிராக வெளிவந்தால் அது பின்பிதுக்கல். கம்பிகளும் தண்டுகளும் முன்பிதுக்கலாலும், மேற்கூறிய குழாய் போன்ற கிண்ண வடிவங்கள் பின்பிதுக்கலாலும் செய்யப்படுகின்றன. தள்ளும் தண்டைப் ‘பஞ்ச்’ என்றும், அச்சை ‘டை’ என்றும் தொழிற்கூடங்களில் வழங்குவர்.

பிதுக்கு விகிதம் என்பது, துண்டின் தொடக்கக் குறுக்குவெட்டுப் பரப்பை வெளிவரும் பொருளின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்துக் கிடைக்கும் எண். 40 மி.மீ. விட்டமுள்ள துண்டு 20 மி.மீ. விட்டமுள்ள தண்டாக வெளிவருமாயின், விட்டம் பாதியாகின்றது. பரப்போ நான்கில் ஒன்றாகின்றது. எனவே விகிதம் 4 ஆகும்.

நெகிழ்வுத் தகைவு என்பது, உலோகம் தொடர்ந்து உருமாறிக்கொண்டிருப்பதற்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு வேண்டிய விசை. இது மாறா எண் அன்று. குளிர்நிலையில் உலோகம் உருமாறுந்தோறும் இறுகுகின்றது. கம்பியை ஓரிடத்திலேயே மீண்டும் மீண்டும் வளைத்தால் அவ்விடம் விறைப்பதைக் கையாலேயே உணரலாம்.

‘குளிர்நிலை’ என்பது தொட்டால் சில்லென்றிருப்பதைக் குறிப்பதன்று. உலோகத்தின் படிகங்கள் புதிதாக மீண்டும் உருவாகும் வெப்பநிலைக்குக் கீழ்ப்பட்ட நிலை என்பதே அதன் பொருள். ஈயத்துக்கு அறையின் வெப்பநிலையே அதற்குப் போதுமானது, எனவே, அறையில் பிதுக்கப்படும் ஈயம் உண்மையில் சூடான உலோகம்போலவே நடந்துகொள்கின்றது, பெரிதும் இறுகுவதில்லை. ஆய்வுக்கூடங்களில் ஈயம் பெரிதும் விரும்பப்படுவதற்கு இது ஒரு காரணம்.

முதற்படி: இலட்சிய அமுக்கம்

உராய்வே இல்லை என்றும், உலோகம் எவ்வித வீண் நெளிவுமின்றிச் சீராக நீள்கின்றது என்றும் கொள்வோமாயின், கணக்கு எளிதாகிவிடும். ஒரு துண்டினை இழுத்து அதன் நீளத்தை நான்கு மடங்காக்கினால், அதன் பரப்பு நான்கில் ஒன்றாகும். ஓரலகுப் பருமனுக்கு இதற்குச் செலவாகும் வேலை, நெகிழ்வுத் தகைவை 4 என்னும் விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கி வரும் தொகைக்குச் சமம். பிதுக்கலில் தண்டு செய்யும் வேலை, அமுக்கம் × பரப்பு × தண்டு நகர்ந்த தூரம் ஆகும். பரப்பையும் தூரத்தையும் பெருக்கினால் உலோகத்தின் பருமன் கிடைக்கின்றது. ஆகவே, ஓரலகுப் பருமனுக்குச் செய்யப்படும் வேலையே அமுக்கம். எனவே,

இலட்சிய அமுக்கம் = சராசரி நெகிழ்வுத் தகைவு × விகிதத்தின் இயல் மடக்கை

என்றாகின்றது. 2, 3, 4, 5, 10 ஆகிய விகிதங்களின் இயல் மடக்கைகள் முறையே 0.693, 1.099, 1.386, 1.609, 2.303 ஆகும். விகிதம் இரட்டித்தால் அமுக்கம் இரட்டிப்பதில்லை என்பதை இதனின்றும் அறியலாம்.

ஆனால் இந்த அமுக்கத்தைக் கொண்டு எந்தப் பிதுக்கலும் நடைபெறாது. இது குறைந்த அளவு எல்லை மட்டுமே.

வீண் நெளிவும் தேங்கு மண்டலமும்

சதுர முனையுள்ள அச்சில் உலோகம் நேராகச் சென்று வெளிவருவதில்லை. ஓரத்திலுள்ள உலோகம் முதலில் உள்நோக்கித் திரும்பி, பின்னர் அச்சின் வாயருகே மறுபடியும் திரும்பித் தண்டின் திசையில் செல்கின்றது. இவ்விரு திருப்பங்களிலும் உலோக அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன. இச்சறுக்கல் செய்பொருளின் நீளத்தைக் கூட்டுவதில்லை; ஆயினும் வேலையைச் செலவழிக்கின்றது. இதனையே வீண் வேலை என்பர். அச்சின் மூலையில் உள்ள உலோகம் நகராமலே தங்கிவிடுகின்றது. முறுக்கு நாழியின் அடிமூலையில் மாவு ஒட்டிக்கொண்டு நிற்பது போன்றது இது. இதற்குத் தேங்கு மண்டலம் என்று பெயர்.

இந்த ஒழுக்கைக் கணிதத்தால் ஆராய்ந்தோருள் இங்கிலாந்தின் ராட்னி ஹில் குறிப்பிடத்தக்கவர். தகடுபோல் ஒரே தளத்தில் உருமாற்றம் நிகழும் பிதுக்கலை அவர் சறுக்குக் கோட்டு முறையால் 1948-இல் ஆராய்ந்தார். உராய்வற்ற சதுர அச்சில் கனம் பாதியாகும்போது, அமுக்கம் அத்தளநிலை நெகிழ்வுத் தகைவைப்போல் ஏறத்தாழ 1.29 மடங்காகும் எனக் கணக்கிடப்படுகின்றது. இலட்சியக் கணக்கு தருவதோ 0.69 மடங்கே. அதாவது, உராய்வு சிறிதும் இல்லாதபோதே தண்டு செய்யும் வேலையில் ஏறத்தாழப் பாதி வீண் நெளிவில் கழிகின்றது.

அச்சைக் கூம்பு வடிவாக்கினால் திருப்பங்கள் மென்மையாகி வீண் வேலை குறையும். ஆனால் கூம்பு மிகவும் நீண்டுவிட்டால் உலோகம் உரசும் பரப்பு மிகுந்து உராய்வு கூடும். இவ்விரண்டுக்கும் இடையே அமுக்கம் மிகக் குறைவாயிருக்கும் கோணம் ஒன்று உண்டு.

இரண்டாம் படி: ஜான்சன் வாய்பாடு

களப்பணியில் சறுக்குக் கோடுகளை வரைந்துகொண்டிருக்க இயலாது. அதற்கு ஏற்ற எளிய வாய்பாடு ஒன்றை டபிள்யூ. ஜான்சன், மசகிட்ட மென்னுலோகத் தண்டுகளைச் சதுர அச்சுகளின் வழியே மெல்லப் பிதுக்கிச் செய்த ஆய்வுகளினின்றும் 1950-களின் இடைப்பகுதியில் வகுத்தார். அது வருமாறு:

அமுக்கம் = சராசரி நெகிழ்வுத் தகைவு × (0.8 + 1.5 × விகிதத்தின் இயல் மடக்கை)

இதிலுள்ள 1.5 என்னும் எண் உருமாற்றத்தோடு கூடும் வீண் வேலையையும், 0.8 என்னும் எண் விகிதம் எவ்வளவு சிறியதாயினும் தவிர்க்க இயலாத செலவையும் காட்டுவதாகக் கொள்ளலாம். கூம்பு அச்சுகளுக்கு 1.5-க்குப் பதிலாக 1.2 வரை குறைந்த மதிப்பு பொருந்தும். இது அளந்தறிந்த வாய்பாடே. மிகச் சிறிய விகிதங்களுக்கு இதனை நம்புதல் கூடாது.

சராசரி நெகிழ்வுத் தகைவைக் காணுதல்

இழுவைச் சோதனையினின்றும் ஒவ்வோர் உலோகத்துக்கும் இரண்டு எண்கள் பெறப்படுகின்றன. ஒன்று வலிமை எண். மற்றொன்று இறுக்க எண். விகிதத்தின் இயல் மடக்கையே இங்குத் திரிபு ஆகும். அத்திரிபை இறுக்க எண் என்னும் அடுக்குக்கு உயர்த்தி, வலிமை எண்ணால் பெருக்கினால், பிதுக்கலின் முடிவில் உள்ள தகைவு கிடைக்கும். அதனை, இறுக்க எண்ணோடு ஒன்றைக் கூட்டிய தொகையால் வகுத்தால், தொடக்கம் முதல் முடிவு வரையிலான சராசரி கிடைக்கும்.

பதனாற்றப்பட்ட, அதாவது காய்ச்சிப் பைய ஆறவிடப்பட்ட, உலோகங்களுக்கு நூல்களில் காணும் மதிப்புகள் சில: தூய அலுமினியம் – வலிமை எண் 180, இறுக்க எண் 0.20; செம்பு – 315, 0.54, குறைந்த கரியுள்ள எஃகு – 530, 0.26. வலிமை எண்கள் சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் என்னும் அலகில் உள்ளன.

எடுத்துக்காட்டு: அலுமினியத் தண்டு

40 மி.மீ. விட்டமும் 40 மி.மீ. நீளமும் உள்ள அலுமினியத் துண்டினை 20 மி.மீ. தண்டாக முன்பிதுக்க வேண்டும். 60 டன் பிரஸ் ஒன்று உள்ளது. அது போதுமா?

விகிதம் 4, திரிபு 1.386. இதனை 0.20 என்னும் அடுக்குக்கு உயர்த்த 1.067 ஆகும். 180-ஆல் பெருக்கினால் 192, 1.20-ஆல் வகுத்தால் சராசரி நெகிழ்வுத் தகைவு 160 நியூட்டன். இலட்சிய அமுக்கம் 160 × 1.386 = 222. ஜான்சன் வாய்பாட்டின்படி 160 × 2.88 = 461. துண்டின் பரப்பு 1,257 சதுர மி.மீ. எனவே இலட்சிய விசை ஏறத்தாழ 28 மெட்ரிக் டன். வாய்பாட்டு விசை 59 டன். இலட்சியக் கணக்கை மட்டும் நம்பியவர் 60 டன் பிரஸைத் தாராளம் என்று எண்ணியிருப்பார்.

கணக்கு இன்னும் முடியவில்லை. துண்டு தன் கொள்கலத்தின் சுவரில் உரசிக்கொண்டே நகர்கின்றது. இவ்வுராய்வைச் சேர்க்க, உராய்வெண்ணின் நான்கு மடங்கைத் துண்டின் நீளத்தால் பெருக்கி விட்டத்தால் வகுக்க வேண்டும். கிடைக்கும் எண்ணை 2.718-இன் அடுக்காகக் கொண்டு கண்ட மதிப்பால் அமுக்கத்தைப் பெருக்க வேண்டும். உராய்வெண் 0.05 ஆயின், அடுக்கு 0.2; பெருக்கு எண் 1.22. அமுக்கம் 563 ஆக உயர்கின்றது. விசை 72 டன் ஆகின்றது. மசகு சரியாகப் பூசப்படாமல் உராய்வெண் 0.10 ஆகிவிட்டால், பெருக்கு எண் 1.49, விசை 88 டன். ஆகவே 60 டன் பிரஸ் போதாது. துண்டு, அச்சு, பிரஸ் எதுவும் மாறாதிருக்க, பூச்சின் குறை ஒன்றினாலேயே 16 டன் சுமை கூடுவதைக் காண்க.

முன்பிதுக்கலில் துண்டு குறுகக் குறுக உராய்வுப் பரப்பும் குறைகின்றது. மேற்கண்ட துண்டு 10 மி.மீ. நீளமாகும்போது, உராய்வெண் 0.05-இல், விசை 62 டன்னாகத் தாழ்ந்துவிடும். எனவே உச்சச் சுமை தொடக்கத்திலேயே தோன்றும். முடிவில் எஞ்சிய உலோகம் மிக மெல்லியதாகும்போது சுமை மீண்டும் ஏறும். அதற்கு முன்னரே நிறுத்திவிடுதல் நலம்.

எஃகும் தண்டின் தாங்குதிறனும்

அதே அளவுள்ள துண்டு குறைந்த கரியுள்ள எஃகாயின், சராசரி நெகிழ்வுத் தகைவு 458; ஜான்சன் அமுக்கம் 1,319; உராய்வெண் 0.05 எனச் சேர்த்தால் 1,611. கடினப்படுத்திய கருவி எஃகினாலான தண்டுகளை வழக்கமாக 2,000 முதல் 2,500 நியூட்டனுக்குமேல் சுமையேற்றுவதில்லை. எனவே இவ்வேலை இயலும்.

விகிதத்தை 10 ஆக்கினால்? சராசரி நெகிழ்வுத் தகைவு 522, அமுக்கம் 2,223, உராய்வோடு 2,700-ஐத் தாண்டும். தண்டு முறிவது உறுதி எனலாம். ஆகவே வேலையை இரு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் விகிதம் 3.16 என வைத்துக்கொண்டால், முதற்கட்டத்துக்கு 1,103 போதும். இடையில் பதனாற்றினால் இரண்டாம் கட்டத்துக்கும் அதே அளவே வேண்டும். பதனாற்றாமல் தொடர்ந்தால், முன்னரே இறுகிய எஃகின் சராசரி நெகிழ்வுத் தகைவு 608 ஆகின்றது; அமுக்கம் 1,537. வீண் நெளிவும் உலோகத்தை இறுக்குவதால் உண்மை அளவு இதனினும் சற்று மிகலாம். பதனாற்றும் உலைச்செலவையும், தண்டின் ஆயுளையும் ஒப்பிட்டு முடிவு செய்தல் வேண்டும்.

கிண்ணம் பிதுக்குவதில் ஒரு வியப்பு

பின்பிதுக்கலில், தண்டின் பரப்பு துண்டின் பரப்பினும் சிறியது. எனவே மொத்த விசையைத் தண்டின் பரப்பால் வகுத்தே தண்டின் மீதுள்ள அமுக்கத்தைக் காண வேண்டும். ஜான்சன் வாய்பாட்டைத் தோராய வழிகாட்டியாகக் கொண்டால், தண்டு துண்டின் பரப்பில் 30 விழுக்காடாயின், அதன்மீதுள்ள அமுக்கம் நெகிழ்வுத் தகைவைப்போல் 4.45 மடங்கு, 50 விழுக்காடாயின் 3.68, 60-க்கு 3.62, 80-க்கு 4.02, 90-க்கு 4.73. கனத்த சுவருள்ள கிண்ணம் எளிது, மெல்லிய சுவருள்ளதே கடினம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சிறிய துளையிடும் மெல்லிய தண்டும் பெரும் அமுக்கத்துக்கு உள்ளாகின்றது. தண்டுக்கு மிக எளிதான நிலை, பரப்பில் பாதிக்குச் சற்று மேற்பட்ட அளவில் உள்ளது.

வெப்பம்

அமுக்கம் என்பது ஓரலகுப் பருமனுக்கான வேலையே என்று முன்னர்க் கண்டோம். அவ்வேலையில் பெரும்பகுதி வெப்பமாகின்றது. 461 நியூட்டன் அமுக்கத்தில் பிதுக்கிய அலுமினியம், வெப்பம் வெளியேறாதாயின், ஏறத்தாழ 190 பாகை செல்சியஸ் சூடேறும். 1,319-இல் பிதுக்கிய எஃகு ஏறத்தாழ 350 பாகை சூடேறும். ‘குளிர்நிலை’ என்னும் பெயரை நம்பி, அச்சினின்றும் வந்த பொருளை வெறுங்கையால் தொடலாகாது.

களப்பணியாளர் கருத்துக்கு

தொழிற்கூடத்தில் பிரஸைத் தேர்ந்தெடுக்கும்போது கணித்த உச்ச விசையினும் நான்கில் ஒரு பங்கேனும் மிகுதியாக வைத்துக்கொள்ளுதல் நலம். சுழல்தண்டால் இயங்கும் பிரஸின் மேல் எழுதப்பட்டுள்ள டன் அளவு, அதன் வீச்சின் அடிப்பகுதிக்கு அருகில் மட்டுமே கிடைப்பதாகும். பிதுக்கலிலோ பெருவிசை நெடுந்தூரம் வேண்டியிருப்பதால், வீச்சின் தொடக்கத்தில் கிடைக்கும் விசையையும், சுழல்சக்கரம் தரக்கூடிய ஆற்றலையும் விசாரித்தறிதல் வேண்டும். துண்டுகள் பதனாற்றப்பட்டனவா, பூச்சு முழுமையாக ஏறியுள்ளதா என்று பார்த்த பின்னரே முதல் அழுத்தத்தைத் தொடங்க வேண்டும். தண்டைச் சுற்றிக் காப்புத் தடுப்பு இன்றி எந்தச் சோதனையும் செய்தல் கூடாது.

வகுப்பறைச் சோதனை

உலோகத்தின் ஒழுக்கைக் காண்பதற்குப் பெரும் பொறி வேண்டுவதில்லை. 1951-இல் ஏ. பி. கிரீன் என்னும் ஆராய்ச்சியாளர், விளையாட்டுக் களிமண்ணாகிய பிளாஸ்டிசினைக் கொண்டு உலோகத்தின் ஒழுக்கை ஆராயும் முறையை வெளியிட்டார். இரு பாதிகளாகப் பிரியும் சிறிய மரப்பெட்டி ஒன்றின் அடியில் பிளவு ஒன்று அமைக்கவும். இரு நிறப் பிளாஸ்டிசினை மெல்லிய அடுக்குகளாக மாறி மாறி அடுக்கி உள்ளே வைத்து, உட்சுவரில் முகப்பொடி தூவி, மரக்கட்டையால் மெல்ல அழுத்தவும். பாதியில் நிறுத்திப் பெட்டியைப் பிரித்தால், நடுவில் அடுக்குகள் நாக்குபோல் நீண்டிருப்பதையும், மூலைகளில் அவை கலையாமல் நிற்பதையும் மாணவர் கண்ணாரக் காண்பர். பொடி தூவாமல் மீண்டும் செய்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளச் செய்யலாம்.

பயிற்சி

1. 30 மி.மீ. விட்டமுள்ள பதனாற்றிய செம்புத் துண்டினை 3 என்னும் விகிதத்தில் முன்பிதுக்க வேண்டிய அமுக்கத்தையும் விசையையும் ஜான்சன் வாய்பாட்டால் காண்க. கொள்கலத்தின் உராய்வை நீக்கிக் கணக்கிடுக. (விடை: ஏறத்தாழ 527 நியூட்டன், 38 மெட்ரிக் டன்.)

2. மேற்கண்ட அலுமினியத் துண்டின் நீளம் 80 மி.மீ. ஆயின், உராய்வெண் 0.05-இல் உச்ச விசை யாது? (விடை: ஏறத்தாழ 88 டன்.) இதே விடை கட்டுரையில் வேறெவ்விடத்தில் வந்துள்ளது? காரணம் கூறுக.

3. ஈயத்துக்கு இறுக்க எண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை, ஏன்?

தொகுப்புரை

இலட்சியக் கணக்கு அமுக்கத்தின் கீழெல்லையைத் தருகின்றது. வீண் நெளிவும், உராய்வும், உலோகத்தின் இறுக்கமும் அதனை இருமடங்குக்கும் மேலாக உயர்த்திவிடுகின்றன. இம்மூன்றையும் எளிய வாய்பாடுகளால் முன்னரே மதிப்பிடலாம். கணினியைக் கொண்டு இவற்றை நுட்பமாகக் கணிக்கும் முறைகள் இன்று உள்ளனவாயினும், அவற்றின் விடை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கத் தாளிலும் பென்சிலிலும் அடங்கும் இக்கணக்கு எப்போதும் பயன்படும். பொறியை முடுக்குமுன் இதற்குச் செலவிடும் சில நிமிடங்கள் ஒரு தண்டையும், சில வேளைகளில் ஓர் உயிரையும் காக்கும்.